தகடூர் நாட்டிற் பொதுப் பரீட்சை

வைகாசி பிறக்கும் வேளையில் அரசாங்கத்தார் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைகளின் முடிவுகளை வெளியிடுவது வழக்கம். அதனை அடுத்து நம் சங்கத்தாருக்கும் ஆண்டுதோறும் ஒரு கடமை வந்து சேர்கின்றது. மிகுந்த மதிப்பெண் பெற்ற நம்மவர் மக்கள் சிலரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் பரிசு வழங்குவதே அக்கடமை. ஆசிரியத் தொழிலில் உள்ளோம் என்பது பற்றி, அப்பரிசுக்குரியோர் பட்டியலைச் சரிபார்க்கும் பணியைச் சங்கத்தார் நம்மிடம் ஒப்புவித்துள்ளனர். சென்ற ஆண்டு அப்பணியில் அமர்ந்திருந்தபோது நம் உள்ளத்தில் ஓர் உறுத்தல் உண்டாயிற்று. பட்டியலின் தலைப்பக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். கடைப்பக்கத்தில் இருந்தோர் எத்தனை பேர், அவர்கள் பிறகு எங்கே சென்றனர் என்பதை ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இவ்வுறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம். ஊர்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வினாத்தாளைக் கொடுத்துப் பிள்ளைகளை அளக்கின்ற இக்கருவி நம் நாட்டிற்கு எப்போது வந்தது, யார் கொணர்ந்தனர், அதனால் நம்மவர் அடைந்த நன்மை யாது, இழந்தது யாது என்பதை அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். நம் மாவட்டத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது.

புலமையைச் சோதித்தல் நம்மவர்க்குப் புதிதன்று. சங்கப்பலகைக் கதையும், வாதில் தோற்ற புலவரின் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார் என்னும் கதையும், நாவல் மரத்தின் மேலிருந்த சிறுவனிடம் ஔவை தோற்ற கதையும் சிறுவர்க்கும் தெரிந்தவை. (நம் தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையார் சங்க காலத்தவர். நாவற்பழக் கதையின் ஔவை பிற்காலத்தவர். இருவரையும் ஒருவராக்கிப் பேசுதல் நம் ஊர் மேடைகளில் வழக்கமாகிவிட்டது.) ஆனால் இவையெல்லாம் புலமை முற்றியவரைச் சோதித்த கதைகள். கற்கத் தொடங்கிய சிறுவனை அளந்து, இவன் தேறினான், இவன் தவறினான் என்று பிரித்து வைக்கும் முறை அந்நாளில் இல்லை. மாணாக்கரைத் தரம் பிரித்தல் மட்டும் உண்டு. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றைக் கடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். சொன்னதைச் சொல்லும் கிளியை அவர் நடுவிடத்தில் வைத்தார் என்பதை அன்பர்கள் நினைவில் கொள்க. இக்காலப் பரீட்சையிற் கிளிக்குக் கிடைக்கும் இடம் அதுவன்று.

திண்ணைப் பள்ளியில் சோதனை நாள்தோறும் நடந்தது. மணலில் எழுதிப் பழகி, ஓலைக்கு ஏறி, அரிச்சுவடி, எண்சுவடி, கீழ்வாயிலக்கம், ஆத்திசூடி, கொன்றைவேந்தன் என்று சென்ற பிள்ளை மாலையில் முறை சொல்ல வேண்டும். சட்டாம்பிள்ளை கேட்பான். உபாத்தியாயர் திண்ணையில் சாய்ந்தபடியே பிழை பிடிப்பார். ஊரார் முன் சோதனை என்று ஒன்று உண்டு எனின் அது நவராத்திரிக் காலத்தில் நிகழ்வது. பிள்ளைகளை வீடுவீடாக அழைத்துச் சென்று பாடச் செய்து, வீட்டுக்காரர் மனமுவந்து அளித்ததை உபாத்தியாயர் சம்மானமாகப் பெற்றுக்கொள்வார். பிள்ளையின் வாய்க்கும் உபாத்தியாயரின் வயிற்றுக்கும் உள்ள முடிச்சு அன்றே விழுந்துவிட்டது எனலாம். ஆயினும் அம்முடிச்சு இறுக்கமானதன்று. பாடத் தெரியாத பிள்ளையும் கூட்டத்தோடு சேர்ந்து பாடினான். அவனுக்காக ஒருவரும் காசைக் குறைத்ததில்லை.

இனி நம் மாவட்டத்துத் தொடர்பைக் கூறுவோம். 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் நாடு கும்பினியார் கைக்கு வந்தது. அலெக்சாந்தர் ரீடு என்னும் படைத்தலைவர் அதற்கு அதிகாரியானார். அவருக்குத் துணையாக வந்த இளைஞருள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை இந்நாட்டில் வயல்வயலாக நடந்து நிலத்தை அளந்து தீர்வை கட்டியவர் அவர். தருமபுரியில் தோட்டம் போட்டு வாழ்ந்தவர். இவ்வூரை விட்டுப் பிரிய நேர்ந்தபோது அத்தோட்டத்தை எண்ணி வருந்திக் கடிதம் எழுதியவர். அளத்தல் என்னும் கலையை அவர் நம் மண்ணில்தான் பயின்றார்.

அதே மன்றோ 1820-இல் சென்னை மாகாணக் கவர்னரானார். 1822 ஜூன் 25-ஆம் நாள் கலெக்டர்கள் எல்லோருக்கும் ஓர் ஆணை பிறப்பித்தார். ஜில்லாதோறும் பள்ளிகள் எத்தனை, பயில்வோர் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தெந்தச் சாதியார் என்று கணக்கெடுத்து அனுப்புக என்பது அவ்வாணை. கணக்குகள் வந்து சேர நெடுநாளாயிற்று. 1826 மார்ச்சு 10-ஆம் நாள் அவர் எழுதிய குறிப்பில், மாகாணத்து மக்கள் 1,28,50,941 பேர்க்குப் பள்ளிகள் 12,498 என்றும், பயில்வோர் 1,88,650 பேர் என்றும் கண்டுள்ளது. வீட்டிற் கற்போரையும் சேர்த்தால் பள்ளி வயதுச் சிறுவருள் மூவரில் ஒருவருக்கு எழுத்தறிவு கிட்டுகின்றது என்று அவர் மதிப்பிட்டார். பெண்களுக்குப் பள்ளிக் கல்வி பெரும்பாலும் இல்லை.

இக்கணக்கில் நம்மவர் அறிந்து மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. திண்ணைப் பள்ளி உயர்குலத்தார்க்கு மட்டுமே உரியதாயிருந்தது என்று நம்மிற் பலர் எண்ணி வந்துள்ளனர். சேலம் ஜில்லாக் கணக்கிலோ, சூத்திரர் என்றும் பிற சாதியார் என்றும் அவர்கள் குறித்த பிரிவினரே பயில்வோரில் நூற்றுக்கு எழுபதின்மர் அளவில் இருந்தனர். அக்காலத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. எனவே இருநூறு ஆண்டுக்கு முன் இந்நாட்டுத் திண்ணைகளில் மணலைக் கூட்டி எழுதிய விரல்களுள் நம் முன்னோர் விரல்களும் இருந்திருத்தல் கூடும்.

மன்றோ எண்ணினார். ஆனால் அளக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாரேயன்றி அப்பிள்ளைகள் எவ்வளவு கற்றனர் என்று கேட்கவில்லை. கல்வி தாழ்ந்திருப்பதற்கு உபாத்தியாயரின் வறுமையே காரணம் என்று அவர் கண்டார். மாதம் ஆறு ஏழு ரூபாய்க்கு மேல் சம்பாதிக்காத உபாத்தியாயரிடம் எத்தகைய கல்வியை எதிர்பார்ப்பது? தாசில்தோறும் ஒரு பள்ளி, அதன் உபாத்தியாயர்க்கு மாதம் 9 ரூபாய், ஜில்லாத் தலைமைப் பள்ளியின் உபாத்தியாயர்க்கு 15 ரூபாய் என்று திட்டம் வகுத்தார். அச்சம்பளம் எந்தப் பரீட்சையையும் பொறுத்ததன்று. 1827 ஜூலையில் வாந்திபேதி கண்டு பத்திகொண்டா என்னும் ஊரில் அவர் இறந்தார். திட்டமும் சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டது.

அளவுகோல் வந்தது அதற்குப் பின். 1844-இல் ஹார்டிங்கு பிரபு, ஆங்கிலக் கல்வி கற்றோர்க்கே அரசாங்க உத்தியோகத்தில் முதலிடம் என்று அறிவித்தார். 1854-இல் சர் சார்லஸ் வுட்டின் கல்விச் சாசனம் வந்தது. 1855-இல் இலண்டன் மாநகரில் இந்திய சிவில் உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீட்சை முதன்முறையாக நடந்தது. உத்தியோகத்துக்குப் பரீட்சை வைக்கும் வழக்கம் சீன நாட்டில் ஆயிரத்து முந்நூறு ஆண்டு ஆட்சி செய்தது. ஐரோப்பியர் அதனைக் கண்டு வியந்தனர். சீனர் அதனை 1905-இற் கைவிட்டனர். நாம் இன்னும் கைவிடவில்லை.

1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றி, அவ்வாண்டே மெட்ரிகுலேஷன் பரீட்சையைத் தொடங்கியது. அச்சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். ஒருவர் விசுவநாத பிள்ளை. மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. பின்னாளிற் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய பெரியார் அவரே. அவர் அச்சிட்டது பரீட்சைக்காக அன்று என்பதைத் தமிழ் கற்பிப்போராகிய நாம் மாணாக்கர்க்கு ஆண்டுதோறும் சொல்வதுண்டு. கேட்டுவிட்டு, இது பரீட்சைக்கு வருமா என்று அவர்கள் வினவுவதும் உண்டு.

மேற்கூறியவை யாவும் பட்டணத்துச் செய்திகள். நம் கிராமங்களை வந்து தொட்டது வேறொன்று. அதனைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும்.

1862-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இராபர்ட்டு லோ என்பார் கல்வி விதிகளைத் திருத்தினார். ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை இனிப் பிள்ளையின் தேர்ச்சியைப் பொறுத்தது என்றார். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஒருவனுக்கு 8 ஷில்லிங்கு. ஆண்டிறுதியில் இன்ஸ்பெக்டர் வந்து சோதிக்கும்போது வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றில் ஒன்றில் அவன் தவறினால் 2 ஷில்லிங்கு 8 பென்சு பிடித்தம். இரண்டில் தவறினால் இருமடங்கு. மூன்றிலும் தவறினால் அப்பிள்ளையின் தலைக்கு அச்சோதனையால் வரக்கூடியது ஒன்றுமில்லை. பள்ளிக்கு வந்த நாள்களுக்காகத் தரும் 4 ஷில்லிங்கு மட்டுமே மிஞ்சும். இம்முறை மலிவாக இல்லாவிட்டாற் பயனுடையதாக இருக்கும், பயனில்லாவிட்டால் மலிவாகவாவது இருக்கும் என்று லோ பாராளுமன்றத்திற் பேசினார். சந்தையில் மாடு பிடிப்பவர் பேச்சுக்கும் இதற்கும் வேற்றுமை காண்பது அரிது.

பயன் எவ்வாறிருந்தது? வாசிப்புப் புத்தகம் முழுவதையும் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் அவர்கள் பிழையின்றி வாசித்தனர் என்று அக்காலத்தார் எழுதி வைத்துள்ளனர். இன்ஸ்பெக்டராகப் பணியாற்றிய மாத்தியூ ஆர்னல்டு என்னும் ஆங்கிலக் கவிஞர் இம்முறை கல்வியை எந்திரமாக்குகின்றது என்று ஆண்டுதோறும் முறையிட்டார். முறையீடு பலிக்க ஒரு தலைமுறை சென்றது.

இம்முறையைச் சென்னை மாகாணத்தார் 1868-ஆம் ஆண்டின் உதவித்தொகை விதிகளால் இங்கும் நடப்பித்தனர். வகுப்புக்கு ஒரு விலை, பாடத்துக்கு ஒரு விலை. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் சர்க்கார் பணத்தை விரும்பினால் தம் பள்ளியை இன்ஸ்பெக்டர் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். 1882-இல் ஹண்டர் துரை தலைமையில் அமைந்த கல்விக் கமிஷனும் தொடக்கப் பள்ளிகளுக்கு இதுவே தக்க வழி என்றது.

இதில் நன்மை இல்லாமற் போகவில்லை. சர்க்கார் பணம் இதனால் ஏழைத் திண்ணைகளை எட்டியது. ஆயினும் உபாத்தியாயர் நிலையை எண்ணிப் பாருங்கள். சோதனை நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கின்றது. வகுப்பில் இருபது பிள்ளைகள். பன்னிருவர் தாமாகவே தேறுவர். ஐவரை இழுத்துப் பிடித்தால் தேறுவர். எஞ்சிய மூவர் எவ்வளவு முயன்றாலும் தேறார். அரிசி வாங்க வேண்டிய உபாத்தியாயர் எவரோடு பாடுபடுவார்? அந்த ஐவரோடுதான். பன்னிருவர் தாமே படித்துக்கொள்ளட்டும். மூவர் சோதனை நாளன்று ஆடு மேய்க்கப் போய்விட்டால் நல்லது. அம்மூவர் எக்குடியில் பிறந்திருப்பர், எவர் வீட்டில் எழுத்து நுழைந்திராது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

இந்தியாவில் பரீட்சை அளவு கடந்து பெருகிக் கல்வி முழுவதையும் ஆள்கின்றது என்று 1904-இல் கர்ஸன் பிரபுவின் அரசாங்கமே தன் கல்வித் தீர்மானத்தில் ஒப்புக்கொண்டது. தேர்ச்சிக்குக் கூலி கொடுக்கும் முறையைக் கைவிட வேண்டும் என்றும் அதில் எழுதியது. அதன்பின் அம்முறை மெல்ல மறைந்தது. நாற்பது ஆண்டுக்கு அண்மையில் அது நம் நாட்டில் வாழ்ந்து சென்றது. விதிதான் மறைந்தது.

1911-இல் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் தலைப்பட்டது. பொதுப் பரீட்சையின் மதிப்பெண்ணோடு பள்ளியில் மாணாக்கன் பெற்று வந்த மதிப்பெண்களையும் ஒரே புத்தகத்திற் பதிவு செய்வது இத்திட்டத்தின் சிறப்பு. ஒரு நாட் கூத்தை மட்டும் பாராமல் அவன் வந்த வழியையும் பார்க்கலாம் என்பது கருத்து. நம் வீடுகளிற் பாட்டனார் பெட்டியில் பட்டாவோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்டுள்ள அப்புத்தகத்தை அன்பர்கள் எடுத்துப் பார்ப்பாராக. நாளடைவில் மக்கள் பொதுப் பரீட்சைப் பக்கத்தை மட்டுமே புரட்டினர். மற்றப் பக்கங்கள் மசி கலையாமற் கிடந்தன.

பரீட்சை பிழைபட அளந்ததற்குப் பலரும் காட்டும் சான்று கணித மேதை இராமானுஜன். கும்பகோணம் கல்லூரியில் கணிதம் ஒழிந்த பாடங்களில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்த பின் எழுதிய எப்.ஏ. பரீட்சையிலும் தவறினார். 1918-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். இக்கதையைச் சொல்லித் தவறிய பிள்ளைகளைத் தேற்றுவது மேடைப் பேச்சாளர் வழக்கம். நாம் அவ்வாறு செய்வதில்லை. தவறிய பிள்ளைகளுள் பெரும்பாலோர் மேதைகள் அல்லர். உழவர் மக்கள், கூலியாள் மக்கள். மேதை தன் வழியைத் தானே கண்டுகொள்வான். மற்றவனுக்கு அச்சான்றிதழ் ஒன்றே வழி.

இங்கே பொதுப் பரீட்சையின் நற்பயனையும் கூறாமற் போனால் நாம் நன்றி மறந்தவராவோம். விடைத்தாளில் எண் இருக்கும். பெயர் இராது, ஊர் இராது, குலம் இராது. எங்கோ ஒரு மையத்தில் அமர்ந்து அதனைத் திருத்துகின்ற ஆசிரியருக்குப் பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளையும் சென்னைப் பிள்ளையும் ஒன்றே. தம் பள்ளியில் கடைவரிசையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இந்த எண்ணின் மறைவில் நின்று முன்னேறினர்! ஆசிரியரின் முகத்தயவு ஒன்றே அளவுகோலாக இருந்திருப்பின் நம்மவரிற் பலர் இன்று வகிக்கும் பதவிகளை எட்டியிருக்க மாட்டார். ஆயினும் எண் ஒன்று மட்டும் நீதி ஆகாது என்பதையும் இந்நாட்டுப் பெரியோர் உணர்ந்திருந்தனர். 1921-ஆம் ஆண்டின் வகுப்புவாரி ஆணையும், 1951-இல் அது நீதிமன்றத்தில் செல்லாததானபோது அரசியற்சட்டத்துக்கே செய்யப்பட்ட முதல் திருத்தமும் அவ்வுணர்வின் விளைவுகள்.

பெண்மக்கள் திறத்தில் இப்பயன் இன்னும் பெரிது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நம் தருமபுரி மாவட்டத்து எழுத்தறிவு நூற்றுக்கு 68.5. தமிழ்நாட்டு மாவட்டங்கள் எல்லாவற்றிலும் கடைசி. பெண்களில் நூற்றுக்கு அறுபதின்மரே எழுத்தறிந்தோர். இத்தகைய மாவட்டத்தில், பெண்ணுக்கு வயது வருமுன் மாப்பிள்ளை பார்க்கும் வீடுகளில், பத்தாவது பரீட்சை முடியட்டும் என்று தாய்மார் சொல்லித் தவணை வாங்குவதை நாம் பலமுறை கண்டுள்ளோம். பரீட்சை என்றால் பெரியவர்களும் பேசாதிருப்பர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் அமைந்த திருமண உதவித் திட்டம் படிப்பை உதவிக்கு நிபந்தனையாக்கியது. 2022-இல் அது புதுமைப்பெண் திட்டமாகி, அரசுப் பள்ளியிற் படித்துக் கல்லூரி செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றது. எம் மாணவியருள் ஒருத்தி, பரீட்சை மண்டபத்து நுழைவுச் சீட்டைப் பெட்டியில் வைக்காமல் எப்பொழுதும் கையிலேயே வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டோம். இது இருக்கிறவரைக்கும் நிச்சயம் பண்ண மாட்டாங்க ஐயா என்றாள்.

1965 அக்டோபர் 2-இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்து சென்றது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், அவர் காலத்தில் ஊருக்கு ஊர் எழுந்த பள்ளிகளும் பரீட்சை மண்டபம் வரை நம் பிள்ளைகளைக் கொணர்ந்து சேர்த்தன. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. அதன் முதற் பொதுப் பரீட்சை 1980-இல் நடந்தது. 1984-இல் மருத்துவம், பொறியியற் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. அது நகரத்தார்க்கே உதவுகின்றது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. மருத்துவத்துக்கு இந்தியா முழுதுக்குமான நீட் தேர்வு 2017-இல் தமிழ்நாட்டை வந்தடைந்தது. இவை செய்தித்தாளில் நாளும் படிப்பவை. மேலும் விரிப்பதற்கில்லை.

நாம் நிறுத்திப் பேச விரும்புவது இடையில் நடந்த ஒன்றை. மேல்நிலைப் பரீட்சையில் மாநில முதன்மை பெற்ற பிள்ளைகளின் படம் செய்தித்தாளில் வரத் தொடங்கியது. படம் வந்த பள்ளிக்குப் பிள்ளைகள் குவிந்தனர். நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் உண்டுறைப் பள்ளிகள் பெருகின. பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டும் நெட்டுருச் செய்விக்கும் வழக்கம் பரவியது. இவ்வழக்கைத் தடுக்கவே 2017-18-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தனர். 2025-ஆம் ஆண்டு மாநிலக் கல்விக் கொள்கையால் அது நீக்கப்பட்டது. முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கையும் 2017 முதல் அரசாங்கத்தார் நிறுத்தினர். ஆனால் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்னும் பதாகை நிற்கவில்லை. தருமபுரிப் பேருந்து நிலையத்துக்கு அருகில் ஜூன் மாதத்தில் நின்று பார்ப்பவர் இதனை அறிவர்.

1868-இன் விதி மறைந்தது என்று முன்னர்க் கூறினோம். அது வேறு ஆடை உடுத்து வந்திருப்பதைக் காண்க. அன்று உபாத்தியாயரின் அரிசி. இன்று பள்ளியின் பெயர். மூன்று பிள்ளைகளைச் சோதனை நாளில் ஆடு மேய்க்க அனுப்பிய அதே கணக்கு இன்றும் நடக்கின்றது.

இதனை நாம் கேள்வியால் அறிந்து எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் (பெயர் வேண்டா) ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். தாய் தந்தையர் பெங்களூரில் கட்டட வேலை. பாட்டியிடம் வளர்ந்தான். வாசிப்பு தடுமாறும். கணக்கு ஏட்டில் வாராது. அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்கு அவன் வந்தாற் பள்ளியின் விழுக்காடு குறையும் என்று பேச்சு எழுந்தது. பாட்டியை அழைத்து, பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, ஏதேனும் தொழில் பழகட்டும் என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையிற் கொடுத்தனர். அக்கிழவி, உங்களுக்குத் தெரியாததா சாமி என்று கும்பிட்டுப் பெற்றுச் சென்றாள். நாம் அவ்வறையில் இருந்தோம். வாய் திறக்கவில்லை. மறு ஆண்டு அப்பள்ளி நூற்றுக்கு நூறு பெற்றது. தமிழிலும் ஒருவரும் தவறாமைக்காக நமக்கும் மேடையில் ஒரு சால்வை போர்த்தினர். அச்சால்வை இன்னும் வீட்டில் இருக்கின்றது.

எல்லோரையும் தேர்ச்சி செய்துவிட்டால் இத்தொல்லை தீரும் என்பாரும் உளர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைத்தலாகாது என்றது. 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டபோது, ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைக்கத் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆணையிட்டது. பெற்றோரும் ஆசிரியரும் எதிர்த்தமையால் 2020 பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுப் பிள்ளையின் கையில் தவறினான் என்னும் சீட்டைக் கொடாமல் விட்டது நன்றே. ஆயினும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை ஒன்பதாம் வகுப்பு வரை ஒருவர் கண்ணிலும் படாமல் வந்து சேர்வதும் நடக்கின்றது. அளத்தல் வேண்டும். நோயாளியின் நாடியைப் பார்க்கும் வைத்தியர் நாடி கெட்டிருந்தால் மருந்து கொடுப்பார். வைத்தியசாலையின் பெயர் கெடும் என்று வெளியே அனுப்பார். நாடி பார்ப்பதற்கு ஆசிரியர்க்குக் கூலியும் வேண்டா, பதாகையும் வேண்டா.

மேற்சொன்ன பையனைச் சென்ற ஐப்பசியில் பாலக்கோட்டுத் தக்காளிச் சந்தையிற் கண்டோம். அவனே நம்மை அடையாளம் கண்டு, ஐயா என்று ஓடி வந்தான். மண்டியில் வேலை. நாம் நின்ற சிறிது நேரத்தில், பெட்டி இவ்வளவு, கழிவு இவ்வளவு, தரகு இவ்வளவு, வண்டிக்கூலி இவ்வளவு என்று நான்கு உழவர்க்கு வாய்க்கணக்காகவே கூறிப் பணத்தை எண்ணிக் கொடுத்தான். காகிதத்தைத் தொடவில்லை. திண்ணைப் பள்ளி உபாத்தியாயர் இருந்திருந்தால் அவனைச் சட்டாம்பிள்ளையாக்கியிருப்பார். ஓட்டுநர் உரிமத்துக்கோ வேறெதற்கோ என்று நினைத்தோம். அவன் கேட்டது வேறு. இப்போ பத்தாவது எழுதலாமா ஐயா, வயசு போயிடுச்சா என்றான்.

வயது போகவில்லை. தனித்தேர்வராக எழுதலாம். அறிவியற் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிவு செய்தல் வேண்டும் என்பதை அறியாமையால் பலர் ஓர் ஆண்டை இழக்கின்றனர். பள்ளியிலிருந்து மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் எழுதித் தவறியவரோ அடுத்து வரும் துணைத் தேர்வை அவ்வாண்டே எழுதலாம். முடிவு வெளிவந்த பின் விண்ணப்பிக்கக் கிடைப்பன சில நாள்களே. அந்நாள்களில்தான் வீட்டில் அழுகையும் ஏச்சும் நடக்கின்றன. அந்நாள்களில்தான் நம் சங்கத்தாரும் பரிசுப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கின்றோம்.

ஆகவே ஒன்று செய்யலாம் என்று நமக்குத் தோன்றுகின்றது. பரிசு நிதியில் ஒரு பாதியை எடுத்து வைப்போம். முடிவு வெளிவந்த மறுநாளே, தவறிய நம்மவர் பிள்ளைகளின் வீடுகளுக்கு வட்டந்தோறும் இருவர் செல்வர். விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் சங்கம் பார்த்துக்கொள்ளும். அரூர், பென்னாகரம், பாலக்கோடு, தருமபுரி என்னும் நான்கு ஊர்களில் துணைத் தேர்வு வரையில் மாலைதோறும் பாடம் நடத்த நம்முள் உள்ள ஆசிரியர்கள் முன்வரல் வேண்டும். பிற குலத்துப் பிள்ளை வந்தாலும் அமர இடம் கொடுக்கலாம். பாய்க்கு ஒன்றும் குறைந்துவிடாது. தமிழும் இலக்கணமும் நாம் எடுத்துக்கொள்கின்றோம். கணக்குக்கு ஆள் வேண்டும். வருகின்ற பொதுக்குழுவில் இதனை முன்மொழிய உள்ளோம். உடன்படுவோரும் மறுப்போரும் அதற்கு முன்பே எழுதித் தெரிவித்தால் நலம். மண்டிப் பையன் தன் பெயரை முதலிற் பதிந்துகொண்டுவிட்டான்.